டம்ளரில் வெட்டிய பேர்

அத்தியாயம் 14

வலி வலது தோளில் பிடித்து, முழங்கை வழியாக இறங்கி, சுண்டுவிரலில் வந்து நின்றிருந்தது. ரீத்தா பாயில் கிடந்தபடியே கையைத் தூக்கிப் பார்த்தாள். காது மட்டத்துக்கு மேல் ஏற மறுத்தது. நேற்றும் முந்தாநாளும் புளியும் தேங்காய் நாரும் வைத்து எவர்சில்வர் டம்ளர்களைத் தேய்த்த கை. கரும்பு வெட்டிய காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. அப்போது வயது குறைவு. வலிக்கிறது என்று சொன்னால் கேட்க ஆளும் இல்லை.

"எய்ந்திரிச்சிட்டியா?" வாசலிலிருந்து கணவர் சவரியப்பன் குரல் கொடுத்தார். "லோடு ஆட்டோக்காரன் வந்து நின்னுக்கினு கீறான்."

"கையி மேல வரமாட்டேங்குது."

"அப்ப கைய இங்கயே வுட்டுட்டு நீ மட்டும் வா."

ரீத்தா சிரித்துக்கொண்டே எழுந்தாள். இன்று படுத்துக் கிடக்கிற நாளில்லை. வாடகைப் பாத்திரக் கடை போட்ட பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை. வடக்கனந்தல் அய்யனார் வீட்டில் பேத்தி அபிநயாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பந்தியில் தண்ணீர் பாட்டில் கிடையாது, காகிதக் கப் கிடையாது, எல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்று சம்மதிக்க வைத்த விழா.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பு டீச்சர் ரீத்தாவின் மகள் லிடியா. வேலை அந்த வழியில்தான் வந்தது.

வேலை வந்ததில் ஒருத்தனுக்கு நஷ்டம். அவன் ரீத்தாவின் மகன் ஆல்பின். கச்சிராயபாளையம் சாலையில் அவனுக்கு மொத்த வியாபாரக் கடை. அரை லிட்டர் பாட்டில், காகிதக் கப், பிளாஸ்டிக் இலை. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவனுடைய குட்டி யானை வண்டிதான் போகும். கோடை பிறந்ததிலிருந்து அம்மாவும் மகனும் பேசுவதில்லை. "நீ குப்பை விக்கிறடா" என்று அவள் சொன்னாள். "உன் டம்ளர்ல எவன் குடிப்பான்?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

ஏனென்றால் கேள்வி நியாயமானது. டம்ளர்கள் போவது சர்ச் தெருவிலிருந்து. போகிற இடம் வடக்கனந்தலில் நிலம் வைத்திருக்கிறவர்களின் பந்தி. குடித்துத் திரும்பினால் கடை நிலைக்கும். குடிக்காமல் திரும்பினால் அந்தச் சேதி அன்றைக்கே பஸ் ஏறிச் சுற்று ஊருக்கெல்லாம் போய்விடும். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் களை எடுக்கப் போக வேண்டியதுதான்.

குளியலறை மூலையில் லிடியா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில் பிரஷ். பிளாஸ்டிக் பிரஷ் மண்ணில் மக்காதாம். பெங்களூரிலிருந்து அது வந்து இறங்கியபோது பிளாஸ்டிக் கவர், அதற்குள் குமிழ்த்தாள், அதற்குள் இன்னொரு கவர். குமிழ்த்தாளை ரீத்தா மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள், பீங்கான் சாமான் கட்ட ஆகும் என்று.

"கல்வராயன் மலை பூரா மூங்கிலு," என்றார் சவரியப்பன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி. "இவ பெங்களூர்லேந்து வரவழைக்கிறா. நான் மரத்தையே மென்னு துப்பினவன். எனக்கு எவனும் அவார்டு குடுக்கல."

வழக்கமாக லிடியா சண்டைக்கு வருவாள். இன்று வரவில்லை.

"எம்மா," என்றாள் வாயைக் கொப்பளித்துவிட்டு. "ஒருவேளை அங்க..."

"இன்னா அங்க?"

"ஒண்ணுல்ல. டிபன் துன்னுட்டுப் போ."

சுற்றுச்சூழல் என்று மகள் சொல்லும்போதெல்லாம் ரீத்தாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். பழைய புடவையைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாகப் போட்டவள் அவள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போட்டவள். அதற்கெல்லாம் அவர்கள் வீட்டில் வைத்திருந்த பேர் 'வக்கில்லை' என்பதுதான். இப்போது அதற்கு நல்ல பேர் கிடைத்திருக்கிறது. கிடைக்கட்டும்.

சவரியப்பன் மூட்டைகளை ஏற்றினார். ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. வாடகைப் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் வெளியே விட முடியாது, அடுத்த வீட்டு அலமாரிக்குப் போய்விடும். பேர் வெட்டுகிறவன் வந்தபோது லிடியா சொன்னாள், "வெறும் 'ச.ரீ' போதும்மா." ரீத்தா கேட்கவில்லை. "பேரு முழுசா வெட்டு" என்றாள். ரேஷன் கார்டைத் தவிர அவள் பேர் முழுசாக எங்கேயும் எழுதியதில்லை. இப்போது டம்ளருக்கு டம்ளர், ரீத்தா, ரீத்தா, ரீத்தா.

வடக்கனந்தலில் வீட்டுக்கு முன்னால் பெரிய பந்தல். பின்கட்டில் சமையல், மோட்டார் கொட்டகை, கிணறு. ரீத்தா கிணற்றடியில் இறங்கிக் கடைசியாக ஒருமுறை டம்ளர்களை அலசினாள். கறிக்குழம்பு கொதிக்கிற வாசம் ஊரையே தூக்கியது.

அய்யனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எழுபதை நெருங்குகிறவர். இன்னும் கரும்புக்குத் தானே தண்ணீர் கட்டுகிறவர்.

"இன்னா ரீத்தா, பளபளன்னு கீது. பத்துமா?"

"பத்தும்ங்க அய்யா. ஜாஸ்தியே எடுத்தாந்துருக்கேன்."

"எம்பேத்தி பூமி சூடாவுதுன்னுது. எனக்கு அதெல்லாம் தெரியாது. போன வருசம் பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துல போட்ட பாட்டிலு மொத்தமும் என் வாய்க்கால்ல வந்து அடைச்சிக்கிச்சு. மடை தொறந்தா தண்ணி வரல, மூடிதான் வருது. கெடேரிக் கன்னு ஒண்ணு கவரத் துன்னு வவுறு உப்பி செத்துது. அதான் சரி போன்னுட்டேன்."

அவர் நகர்ந்த பிறகு அபிநயா ஓடி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் போன்.

"ஆன்ட்டி, டம்ளர அடுக்கி வைங்களேன். போட்டோ எடுக்கணும். லிடியா மிஸ்ஸுக்குக் காட்டணும்."

"மிஸ்ஸு வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. முன்னாடி சேர்ல குந்தினு கீறாங்க."

மகள் முன்னால் நாற்காலியில், தாய் பின்னால் கிணற்றடியில். ரீத்தாவுக்கு அதில் வருத்தமில்லை. அந்த நாற்காலிக்காகத்தான் அவள் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்தாள். அவள் டம்ளர்களைக் கோபுரமாக அடுக்கினாள். பிள்ளை படம் எடுத்தது.

அப்போதுதான் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வண்டிச் சத்தம் கேட்டது. குட்டி யானை. பின்னால் தார்ப்பாய் பாதி மூடிய பாட்டில் கட்டுகள். ஓட்டுகிற இடத்தில் ஆல்பின்.

ரீத்தாவுக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. ஈரக் கையோடு போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இன்னாத்துக்குடா வந்த?"

"வரச் சொன்னாங்க, வந்தேன்."

"எவன் சொன்னான்?"

ஆல்பின் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தான். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "யாரோ சொன்னாங்க. வுடும்மா."

"அம்மா டம்ளரு கவுந்தா அங்க பாட்டிலு விக்கலாம்னு காத்துக்கினு கீறியா? பொணம் எப்ப வுழும்னு வட்டம் போடுற கழுகாடா நீ? இதுக்கா உன்னப் பெத்தேன்?"

சமையல்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆல்பின் முகம் கறுத்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கேளு. குப்பை குப்பைன்றியே. நீ சின்னப் புள்ளயில கொட்டாங்கச்சில டீ குடிச்சவ. நீதான் சொல்லியிருக்க. அப்பால கடைக்குக் கப்பு வந்துது. பந்திக்குப் பாட்டிலு வந்துது. எல்லாருக்கும் ஒரே பாட்டிலு, மூடி கயட்டாதது. அந்தக் குப்பைதாம்மா நம்மள எல்லாரு கூடவும் ஒண்ணா குந்த வச்சுது. அத நீ மறந்துட்ட."

ரீத்தா மறக்கவில்லை. டீக்கடையில் முதன்முதலில் காகிதக் கப் கொடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடித்துவிட்டுக் கசக்கி எறிந்தாள். நாட்டாண்மை வீட்டுப் பையனும் அதே கப்பைக் கசக்கி அதே கூடையில் எறிந்தான். அன்று அவளுக்கு ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது.

"மறக்கலடா," என்றாள். "தூக்கிப் போடுற கப்புல குடிச்சாதான் சமம்னா, அது இன்னா சமம்? கழுவி வச்ச டம்ளர்ல குடிக்கட்டும், பாக்குறேன்."

மேளம் கொட்டியது. முதல் பந்திக்கு ஆள் உட்கார்ந்தாயிற்று. சவரியப்பன் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டே போனார். வாழை இலை, சோறு, குழம்பு. ரீத்தா பந்தல் ஓரத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

வரிசையின் தலைப்பில் ராமசாமி. அய்யனாருக்கு மச்சான், எலவனாசூர்கோட்டைக்காரர். விசேஷ வீட்டில் உப்பு குறைவு, இலை சிறிசு என்று குறை சொல்வதற்கென்றே பஸ் ஏறி வருகிறவர். டம்ளரை எடுத்தார். திருப்பினார். அடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ரீத்தா." சத்தமாகவே கேட்டார். "யாரு இந்த ரீத்தா? எந்தத் தெரு?"

யாரோ சொன்னார்கள். யார் என்று ரீத்தாவுக்குத் தெரியவில்லை. "சர்ச் தெருவுங்க."

ராமசாமி டம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். தன்னுடையதையும் கவிழ்த்தார். அதற்கு அடுத்தவர். அதற்கும் அடுத்தவர். ணங், ணங் என்று அந்தச் சத்தம் வரிசை நெடுக ஓடியது. ரீத்தாவின் பேர் வெட்டிய அடிகள் எல்லாம் மேலே பார்த்துப் பளபளத்தன.

"மச்சான், பாட்டில் தண்ணி இல்லியா?" என்றார் ராமசாமி.

அய்யனார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சபையில் மச்சானை எதிர்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"அதோ சந்துல வண்டி நிக்குதே. நான் வரும்போதே பாத்தேன். யேய் தம்பி, ரெண்டு கட்டு எறக்கு."

ஆல்பின் வண்டியிலிருந்து இறங்கிப் பந்தல் ஓரத்துக்கு வந்தான். ரீத்தா தட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறக்குவான். வியாபாரி. எதிரே வாடிக்கைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இல்லீங்க," என்றான் ஆல்பின்.

"இன்னா இல்ல? பாட்டிலு கண்ணுக்குத் தெரியுதே?"

"பாட்டிலு இருக்குது. தாகத்துக்குக் கேட்டா தருவேன். நீங்க தாகத்துக்குக் கேக்கல." அவன் ராமசாமியை நேராகப் பார்த்தான். "அந்த ரீத்தா எங்கம்மாங்க. அவங்க டம்ளரக் கவுத்துட்டு எங்கிட்ட பாட்டிலு கேட்டா, நான் எப்பிடிங்க எறக்குவேன்? அம்மா டம்ளரு ஆவாதுன்னா மவன் எறக்குற பாட்டிலு மட்டும் எப்பிடி ஆவும்?"

மேளக்காரன்கூடக் குச்சியை நிறுத்திவிட்டான்.

ரீத்தாவுக்குத் தன் கால்கள் நடப்பது தெரிந்தது. எப்போது தட்டியை விட்டாள் என்று தெரியவில்லை. தண்ணீர் ஜக்கைச் சவரியப்பன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வலிக்கிற தோள் அந்தக் கனத்தைத் தூக்கியது. நேரே ராமசாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கும்புடுறேங்க. டம்ளரு என்னுதுதான். வெளக்கினதும் நான்தான். தெரியாம குடிச்சிட்டோம்னு நாளைக்கி யாரும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் பேர முழுசா வெட்டியிருக்கேன். இஷ்டப்பட்டா திருப்புங்க, ஊத்துறேன். இல்லன்னாலும் கோவமில்ல. பின்னால கெணத்தடி கீது. கையேந்திக் குடிக்கலாம். நாங்க அப்பிடித்தாங்க குடிச்சோம். ஒண்ணும் ஆவல."

திட்டவில்லை. அழவில்லை. ஜக்கோடு நின்றாள்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு விக்கல் கேட்டது. ராணியம்மாள். அய்யனாருக்குப் பெரியம்மா மகள், பேச்சில் எவருக்கும் பயப்படாதவள். கறிக்குழம்பில் காரம் அள்ளிப் போட்டிருந்தான் சமையல்காரன்.

"ரீத்தா, இங்க வாடி!" விக்கலோடு கத்தினாள். "அவன் ஞாயம் பேசி முடிக்கறதுக்குள்ள நான் செத்துருவேன் போலருக்குது. ஊத்து, ஊத்து!"

டம்ளரைத் திருப்பி நீட்டினாள். ரீத்தா ஊற்றினாள். ராணியம்மாள் அண்ணாந்து குடிக்கவில்லை. உதட்டில் வைத்து மடக் மடக்கென்று குடித்து, "இன்னொரு டம்ளரு" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. அய்யனார் காலி நாற்காலி ஒன்றை இழுத்து ராமசாமிக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். தனக்கு முன்னால் இருந்த டம்ளரைத் திருப்பி வைத்தார். "எனக்கும் ஊத்து" என்றார். கொஞ்சம் தாமதமாக வந்த தைரியம்தான். இருந்தாலும் வந்தது.

பிறகு மறுபடியும் அந்த ணங் சத்தம், இப்போது திரும்புகிற சத்தம். எல்லாரும் திருப்பினார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் அண்ணாந்து குடித்தார்கள். சிலர் குடிக்காமலே எழுந்தார்கள். ராமசாமி கை கழுவப் போகிறவர் மாதிரி கிணற்றடிக்குப் போய், குழாயைத் திறந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குனிந்து குடித்தார். சமையல்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்த பந்தியில் யாரும் டம்ளரின் அடியைப் பார்க்கவில்லை. காரம் அப்படி.

சாயங்காலம் டம்ளர்கள் திரும்பி வந்தன, கூடை கூடையாக. ரீத்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். விளிம்புகளில் வெற்றிலைச் சிவப்பு. குழம்பு எண்ணெய். ஒன்றில் உதட்டுச் சாயம். வாய் வைத்துக் குடித்த அடையாளங்கள். இத்தனை அழுக்கான பாத்திரங்களை அவள் இவ்வளவு சந்தோஷமாக எந்த நாளும் கழுவியதில்லை.

"இன்னா இளிக்கிற?" என்றார் சவரியப்பன்.

"எச்சிலுங்க. மொத்தமும் எச்சிலு." அவள் சிரித்தாள். "நம்ம டம்ளர்ல ஊரு எச்சிலு!"

"எச்சிலப் பாத்து சந்தோசப்படுற ஒரே பொம்பள நீதான்," என்றார் அவர். ஆனால் அவரும் ஒரு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

அபிநயாவின் அம்மா விஜயலட்சுமி தாம்பூலப் பையோடு பின்கட்டுக்கு வந்தாள். துணிப்பை. உள்ளே தேங்காய், பழம்.

"ரீத்தாக்கா, எங்க மாமனாரு சொல்லச் சொன்னாரு. ஆடித் திருவிழாக் கூழுக்கும் உங்க டம்ளருதான். பக்கத்துத் தெரு பழனி வூட்டுக் காதுகுத்துக்கும் கேக்குறாங்க. அவங்க கேட்டப்ப நான் கூட நின்னேன், எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல."

"சரிங்கம்மா." நெஞ்சு நிறைந்தபோது அவளுக்கு வார்த்தை அவ்வளவுதான் வரும்.

"உங்க மவனுக்குத்தான் இன்னிக்கி நாளே வீணாப் போச்சு. பாவம், கட்டு பிரிக்காம அப்பிடியே திருப்பிக்கினு போனாரு. சாப்புடக்கூட இல்ல."

"அவன எவன் வரச் சொன்னான்? வேவாரம் பண்ண வந்தான்."

விஜயலட்சுமி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? லிடியா மிஸ்தான் நேத்து போன் பண்ணாங்க. யாராச்சும் அம்மா டம்ளர்ல குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டா அம்மா தாங்க மாட்டாங்க, எங்க அண்ணன பாட்டிலோட சந்துல நிக்கச் சொல்றேன், அம்மாவுக்குத் தெரிய வேணாம்னாங்க. அவரு வேணாம் வேணாம்னாராம். மிஸ்ஸுதான் அழுதாங்களாம்."

ரீத்தாவின் கையிலிருந்த டம்ளர் தொட்டித் தண்ணீருக்குள் நழுவி அமிழ்ந்தது.

எவர்சில்வர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். கடையில் கவர் கொடுத்தால் கடைக்காரனுக்குப் பாடம் நடத்துகிறவள். அவள் அழுது கேட்டு வரவழைத்த பாட்டில்கள் அவை. ஊர் குடிக்கும் என்று பெற்ற மகளே நம்பவில்லை.

"மிஸ்ஸு எங்க?"

"அப்பவே கெளம்பிட்டாங்க. டம்ளரக் கவுத்தாங்கல்ல, அப்பவே வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாங்க."

அப்படியானால் ஆல்பின் சொன்னதை லிடியா கேட்கவில்லை. ராணியம்மாள் குடித்ததைப் பார்க்கவில்லை. டம்ளர் கவிழ்ந்த காட்சியை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாள். சவரியப்பன் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். இந்த முறை மணியே அடிக்கவில்லை.

"வூட்டுக்குத்தான் போயிருப்பா," என்றார். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

ரீத்தா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். லிடியாவிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அது அப்புறம். அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. காலையில் சமையல்காரர்கள் பார்க்கப் பெற்ற மகனைக் கழுகு என்றாள். தங்கை பேரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பித்திருப்பான். சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அப்புறம் அத்தனை பேருக்கு முன்னால் எங்கம்மா என்று சொன்னான். பசியோடு திரும்பிப் போனான்.

ஆடிக் கூழுக்கு டம்ளர் கேட்டாகிவிட்டது, கடை நிலைத்துவிட்டது. ஆல்பினிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் இன்னும் கேட்கவில்லை.